ரிங் ரோட்டில் பெரிய சூப்பர்மார்க்கெட் வருகிறது: எங்கள் ஹை ஸ்ட்ரீட் கடைக்குச் சட்டம் துணை நிற்குமா?

இங்கிலாந்தின் மேற்குப் பக்கம், கோட்டையும் பழைய மரச்சட்ட வீடுகளும் பார்க்க வெளியூர்க்காரர் வந்து போகும் ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் (பிரதான கடைத்தெருவில்), பாதுகாக்கப்பட்ட ஒரு பழைய கட்டடத்தில், 14 வருடமாகக் கடை நடத்துகிறார்கள். பேப்பர், பால், பாண், சிகரெட்; கோடையில் ஐஸ்கிரீமும் போஸ்ட்கார்டும். இப்போது ஊருக்கு வெளியே ரிங் ரோட் ஓரமாக 4,000 சதுர மீட்டரில் சூப்பர்மார்க்கெட், 300 கார் நிறுத்த இடம், உள்ளே கஃபே, மருந்துக்கடை என்று ஒரு பெரிய கம்பனி கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருக்கிறது. விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த நோட்டீஸைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கருத்துச் சொல்ல இன்னும் 12 நாள்தான். ஊர்ச் சங்கத்தினர் கையெழுத்துத் தாளை இவர் கடை மேசையில் வைக்கக் கேட்கிறார்கள். கட்டட உரிமையாளரின் ஏஜன்ட்டோ அடுத்த வருடம் முடியும் லீஸுக்குப் பதிலாக 15 வருடப் புது லீஸை அனுப்பி, இந்த மாதத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறார். கணவர் சொல்வது வேறு: "விஷயம் வெளியே பரவ முதல் லண்டனில் யாருக்காவது கடையை வித்துப்போட்டுப் போவம்."

கடிதத்தின் கடைசி வரி இது: "கோட்டை இருக்கிற ஊரில் இப்படிக் கட்ட விடுவார்களா அக்கா? வெளிநாட்டிலிருந்து வந்த நாங்கள் எதிர்த்துக் கதைக்கலாமா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கதைக்கலாம். பிளானிங் (கட்டட அனுமதி) விண்ணப்பத்தில் கருத்துச் சொல்ல விசா, பாஸ்போர்ட், வாக்குரிமை ஒன்றும் தேவையில்லை. வாக்கும் உங்களுக்கு இல்லாமல் இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டிலேயே இருந்தாலும், இந்த நாட்டில் சட்டப்படி வசிக்கும் கொமன்வெல்த் பிரஜை உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். உங்கள் வார்டு கவுன்சிலர் உங்களுக்கும் கவுன்சிலர்தான்.

இனிக் கசப்பான பகுதி. உங்கள் கடையைக் காப்பாற்ற இந்த நாட்டுப் பிளானிங் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. பெரிய கடை வந்தால் சின்னக் கடைக்கு வியாபாரம் போகும் என்பது, எவ்வளவு உண்மையாக இருந்தாலும், கவுன்சில் கணக்கில் எடுக்கக்கூடிய காரணம் இல்லை. போட்டியிலிருந்து தனி ஒருவரைக் காப்பது தங்கள் வேலை இல்லை என்பார்கள். நகர மையம் மொத்தமாக நலிந்துபோகுமா என்பதை மட்டும் பார்க்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் "என் கடை" என்று தொடங்கும் கடிதத்தை "எங்கள் ஹை ஸ்ட்ரீட்" என்று மாற்றி எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

அந்த விதி சும்மா வந்ததில்லை. 1980களின் கடைசியில் டட்லிக்குப் பக்கத்தில் மெரி ஹில் என்ற பெரிய ஷொப்பிங் சென்டர் எழுந்தது. டட்லியும் கோட்டை உள்ள பழைய சந்தை நகரம்தான். அங்கிருந்த பெரிய கடைகள் ஒவ்வொன்றாக மெரி ஹில்லுக்கு இடம்பெயர, டட்லி மையம் வெறிச்சோடியது. இப்படிச் சில ஊர்கள் பட்டபிறகுதான் 1990களில் அரசாங்கம் "நகர மையம் முதலில்" என்ற கொள்கைக்கு வந்தது. இன்று என்.பி.பி.எஃப் என்ற தேசியக் கொள்கை ஆவணத்தில் அது இருக்கிறது. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் விதிகள் வேறு.

கையெழுத்துத் தாளும் கோட்டையும்

2,000 கையெழுத்துச் சேர்ந்தால் மறுத்துவிடுவார்கள் என்று ஊர்ச் சங்கத்தினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2,000 பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டால் கவுன்சிலின் பிளானிங் அதிகாரி எழுதும் அறிக்கையில் அது ஒரு வரி. வேறு வேறு காரணங்களுடன் 20 கடிதங்கள் வந்தால், அந்தக் காரணங்களுக்கு அவர் அறிக்கையில் பதில் எழுதவேண்டியிருக்கும். தாளை மேசையில் வைப்பதில் தப்பில்லை. விண்ணப்பத்தை அதிகாரி தன் மேசையிலேயே முடிக்காமல் கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் கமிட்டிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கவுன்சிலரைக் கேட்க அது உதவும். அதோடு நின்றுவிடாதீர்கள்.

"கவுன்சிலரை வாங்கிவிட்டார்கள்" என்று ஊரில் பேச்சு என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எந்தக் கடிதத்திலும் எழுதவேண்டாம். ஆதாரம் இல்லாமல் எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

கோட்டை விஷயத்தில் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. உங்கள் ஹை ஸ்ட்ரீட் கொன்சர்வேஷன் ஏரியா (பழமைக்காகப் பாதுகாக்கப்படும் பகுதி) என்றால், அதன் எல்லைக்குள் கட்டுவதற்குக் கட்டுப்பாடு அதிகம். 1967இல் ஸ்டாம்ஃபோர்டில் தொடங்கி நாட்டில் ஆயிரக்கணக்கான இடங்களுக்கு அந்தத் தகுதி கிடைத்திருக்கிறது. ரிங் ரோட் காணியோ எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆகவே, "இது பழமையான ஊர், கட்டக்கூடாது" என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. எடுபடக்கூடியது ஒன்று இருக்கிறது: பாதுகாக்கப்பட்ட கட்டடம் நிற்கும் சூழல். அதற்கு வரும் பாதிப்பைக் கவுன்சில் தனி அக்கறையோடு பார்க்கவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. கோட்டை மதில்மேல் நின்று பார்த்தால் அந்தக் காணி தெரிகிறதா? ரிங் ரோட்டில் ஊருக்குள் வரும்போது கோட்டை முதலில் கண்ணில் படும் இடத்தைக் கடை மறைக்குமா? ஒரு காலைநேரம் ஏறிப் போய்ப் படம் எடுங்கள். எங்கே நின்று எடுத்தது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் கடிதத்தோடு இணையுங்கள்.

ஆனால் இந்த வாதத்துக்குக் கம்பனியிடம் மருந்து இருக்கும். உயரத்தைக் குறைப்பார்கள், மரம் நடுவார்கள், கூரையை மாற்றுவார்கள். லட்லோ என்ற ஊருக்குப் போனால் பாருங்கள், அங்குள்ள டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டின் கூரை பின்னால் தெரியும் மலைகளின் வளைவோடு ஒத்துப்போகும்படி வளைந்திருக்கிறது. அழகுப் பிரச்சினைக்கு ஒரு ஆர்க்கிடெக்ட் போதும். வியாபாரம் எங்கே போகும் என்பதற்கு ஆர்க்கிடெக்ட் பதில் சொல்ல முடியாது. உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது.

பழைய மாட்டுச் சந்தைக் காணி

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய மாட்டுச் சந்தைக் காணி நாலு வருடமாகச் சும்மா கிடக்கிறது, உங்கள் கடையிலிருந்து நடந்தால் மூன்று நிமிடம். எனக்கு அந்த வரிதான் முழுக் கடிதத்திலும் பெறுமதியானது.

நகர மையத்துக்கு வெளியே பெரிய கடை கட்டக் கேட்பவர், மையத்தில் இடம் இல்லை, மையத்தின் விளிம்பிலும் இல்லை என்று வரிசையாகக் காட்டவேண்டும். கடைகளைப் பொறுத்தவரை விளிம்பு என்றால் பிரதான கடைத்தெருவிலிருந்து 300 மீட்டருக்குள். மாட்டுச் சந்தை அதற்குள் வரும்போல் இருக்கிறது. அடுத்தது, 2,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை என்றால் நகர மையத்துக்கு வரும் பாதிப்பை அளந்தும் காட்டவேண்டும். (உங்கள் கவுன்சில் அதைவிடச் சிறிய எல்லை வைத்திருக்கலாம்.) இது 4,000. பாதிப்பு கணிசமாக இருக்கும்போல் தெரிந்தால் மறுக்கவேண்டும் என்பதுதான் கொள்கை.

கவுன்சில் இணையத்தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுத் தேடினால் நாற்பது, ஐம்பது ஆவணங்கள் வரும். பயப்படவேண்டாம். வௌவால் கணக்கெடுப்பு, வடிகால், வெளிச்சம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு "பிளானிங் அண்ட் ரீட்டெய்ல் ஸ்டேட்மென்ட்" என்ற ஒன்றை மட்டும் திறவுங்கள். அதில் மாட்டுச் சந்தைக் காணியைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள். "காணி போதாது" என்று ஒரே பத்தியில் முடித்திருந்தால், 300 காருக்குப் பதில் 180 கார், ஒரு மாடிக்குப் பதில் இரண்டு மாடி என்று யோசித்தார்களா என்று கேளுங்கள். கடையின் வடிவத்திலும் அளவிலும் வளைந்துகொடுக்கவேண்டும் என்று கொள்கையே எதிர்பார்க்கிறது. அதற்கும் எல்லை உண்டு. டண்டி நகர டெஸ்கோ வழக்கில் 2012இல் சுப்ரீம் கோர்ட், இடம் பொருத்தமா என்பதைக் கம்பனி கட்ட நினைக்கும் கடையை வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று சொன்னது. ஆகவே, "சின்னதாக ஒரு கடை கட்டினால் போதுமே" என்ற வாதம் தனியாக நிற்காது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த வாதத்தில் வென்றால் சூப்பர்மார்க்கெட் இல்லாமல் போகாது. மூன்று நிமிடத் தூரத்துக்கு வந்துவிடும்! இதைக் கேட்டு உங்கள் கணவர் சிரிப்பார் என்று தெரியும். ஊருக்கு அது நல்லது. காரை அங்கே நிறுத்துபவர் கசாப்புக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடந்து வருவார். ரிங் ரோட்டில் நிறுத்துபவர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார். உங்கள் பாலுக்கும் பாணுக்கும் அது நல்லதா என்பது வேறு கேள்வி. கமிட்டியில் "எங்கேயும் வேண்டாம்" என்று சொல்பவரைவிட "அங்கே வேண்டாம், இங்கே கட்டுங்கள்" என்பவருக்கு மதிப்பு அதிகம். அந்த வாதத்தை நீங்கள் வைப்பதா, ஊர்ச் சங்கத்தை வைக்க விடுவதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

நீங்கள் மட்டுமே கொடுக்கக்கூடிய சாட்சி ஒன்று இருக்கிறது. சுற்றுலா ஊர் என்றால் கம்பனியின் ஆலோசகர்கள் வழக்கமாக, "பார்க்க வருபவர்கள் செலவழிக்கிறார்கள், அதனால் மையம் தாங்கும்" என்பார்கள். ஓகஸ்ட்டில் உண்மைதான். ஜனவரியில் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு உங்கள் கடைக்கு யார் வருகிறார்கள்? ஊர்க்காரர்தானே. கோடைச் சனத்துக்கு டீக்கடையும் பரிசுக்கடையும் போதும். கடைத்தெருவைக் குளிர்காலம் முழுவதும் திறந்து வைத்திருப்பது ஊர்க்காரரின் வாராந்தச் சாமான் காசு. அதைத்தான் ரிங் ரோட் இழுக்கப்போகிறது. உங்கள் டில்லில் மாத ஸெட் ரிப்போர்ட் (மொத்த விற்பனைச் சீட்டு) எடுத்து, வருட விற்பனையில் நவம்பரிலிருந்து மார்ச் வரை எத்தனை வீதம் என்று கணக்குப் பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு மூன்று பேரையும் அதே மாதிரிப் பார்க்கச் சொல்லுங்கள். வீதத்தை மட்டும் எழுதுங்கள், பவுணில் தொகை எழுதவேண்டாம். காரணம் அடுத்தது.

பெயர் வெளியே தெரியும்

பெயரும் முகவரியும் இல்லாத கடிதத்தைப் பெரும்பாலான கவுன்சில்கள் எடுப்பதில்லை. எடுத்தால் இணையத்தில் போடுவார்கள். போன் நம்பரையும் கையெழுத்தையும் மறைப்பார்கள், பெயரை மறைக்கமாட்டார்கள். உங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேருக்கு அந்தச் சூப்பர்மார்க்கெட் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மலிவுச் சாமானும் வேலையும் கேட்பது அவர்கள் உரிமை. கவுன்சில் அந்த வேலைவாய்ப்பையும் தராசில் போடும். எனவே "இந்தக் கடை யாருக்கு வேண்டும்" என்ற தொனி வேண்டாம். பெயர் போட மனம் இல்லையென்றால் கணக்குகளை ஊர்ச் சங்கத்திடம் கொடுத்து, "ஹை ஸ்ட்ரீட் கடைகள் நாலு" என்று அவர்கள் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கமிட்டியில் பேசக் கிடைப்பது பொதுவாக மூன்று நிமிடம். அதையும் அவர்களே பேசட்டும்.

கருத்துச் சொல்லக் கொடுத்த மொத்தம் 21 நாள் முடிந்தபிறகும், முடிவு எடுக்கும்வரை வரும் கடிதங்களைப் பல கவுன்சில்கள் பார்க்கும். கட்டாயம் இல்லை. மிச்சமிருக்கும் 12 நாளுக்குள் முடிக்கப் பாருங்கள்.

அனுமதி கொடுத்துவிட்டால்

மேன்முறையீடு செய்வோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை விண்ணப்பித்தவருக்கு மட்டும். மறுத்தால் கம்பனி மேன்முறையீட்டுக்குப் போகலாம். கொடுத்தால் நீங்கள் போக முடியாது. உங்களுக்கு இருப்பது ஹை கோர்ட்டில் ஜுடீஷியல் ரிவ்யூ. அனுமதி வந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் போடவேண்டும். முடிவு தப்பு என்று அங்கே வாதாட முடியாது. முடிவெடுத்த முறையில் சட்டப்பிழை இருந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். சுற்றுச்சூழல் வழக்கு என்ற வகைக்குள் வந்தால், தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவில் தனிநபர் கட்டவேண்டியது வழமையாக 5,000 பவுணுக்கு மேல் போகாது. உங்கள் சொந்த லோயர் காசு தனி. தங்கச்சி, இந்த வழக்கை நீங்கள் தனியாகப் போடவேண்டாம்.

அதற்கு முன்னால் கேட்டுப் பெறக்கூடியவை இருக்கின்றன. உள்ளே மருந்துக்கடையும் கஃபேயும் கூடாது, உடுப்பும் வீட்டுச் சாமானும் இத்தனை சதுர மீட்டருக்கு மேல் விற்கக்கூடாது, கார் பார்க்கிலிருந்து ஹை ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஓட்டவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள். அனுமதியோடு கம்பனி கவுன்சிலுக்கு எழுதிக்கொடுக்கும் செக்‌ஷன் 106 உடன்படிக்கையில் பஸ்ஸுக்கான காசைக் கம்பனியிடமே வாங்கலாம். எதிர்ப்புக் கடிதத்தின் கடைசிப் பத்தியில், "அப்படியும் அனுமதிப்பதானால்" என்று தொடங்கி இவற்றை எழுதுங்கள். அது தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகாது. பிளானிங் கடிதம் எழுதும் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.

எவ்வளவு காலம் இழுக்கும்? இப்படியான பெரிய விண்ணப்பத்துக்கு விதிப்படி 13 வாரம். நடைமுறை வேறு. நோர்ஃபோக் கடற்கரையில் ஷெரிங்கம் என்ற சிறு ஊரில் 1996இல் தொடங்கிய டெஸ்கோ முயற்சிக்கு அனுமதி கிடைத்தது 2010இல், கடை திறந்தது 2013இல். உங்கள் ஊரிலும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஒன்று அல்லது இரண்டு வருடம் நிச்சயமில்லாமல் இருக்கப் பழகிக்கொள்ளவேண்டும்.

அந்த நிச்சயமின்மைக்குள்தான் ஏஜன்ட் 15 வருட லீஸை நீட்டுகிறார்.

லீஸ்தான் உங்கள் அவசரம்

சூப்பர்மார்க்கெட் வருமா வராதா என்பது உங்கள் கையில் இல்லை. இந்தக் கையெழுத்து உங்கள் கையில் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் வடிவாகப் படியுங்கள்.

வணிகக் குத்தகை பற்றிய 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, கடை நடத்தும் குத்தகைக்காரருக்கு லீஸ் முடிந்தபிறகும் இருக்கும் உரிமை உண்டு. யாரும் முறையான நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பழைய லீஸ் அதே நிபந்தனையில் தானாகத் தொடரும். அப்படித் தொடரும்போது வெளியேற நினைத்தால் மூன்று மாத நோட்டீஸ் போதும். அந்தப் பாதுகாப்பு இருந்தால் "இந்த மாதத்துக்குள்" என்பது ஏஜன்ட்டின் அவசரம், உங்களுடையது இல்லை.

பாதுகாப்பை முன்பே எழுதிக்கொடுத்திருந்தால் கதை மாறும். ஞாபகப்படுத்திப் பாருங்கள்: லீஸ் எடுத்த நாளில் உங்கள் சொலிசிட்டர், "பக்கத்து ஒபிஸில் போய் இதைச் சத்தியம் செய்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு தாளோடு அனுப்பினாரா? முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் வாசித்து, ஐந்து பவுண் கொடுத்து, கையெழுத்துப் போட்டீர்களா? அப்படியென்றால் அது பெரும்பாலும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் பிரகடனமாக இருக்கும். சத்தியம் செய்யாமல் சாதாரணக் கையெழுத்தோடும் அது முடிந்திருக்கலாம். லீஸில் "1954" என்ற எண்ணைத் தேடினால் தெரிந்துவிடும்.

உரிமை இருந்தால், ஐந்து வருடம், மூன்றாம் வருடத்தில் நீங்கள் விரும்பினால் முறித்துக்கொள்ளும் உரிமை என்று கேளுங்கள். சூப்பர்மார்க்கெட் திறந்தால் வாடகைச் சந்தையும் இறங்கலாம். இன்றைய வாடகையில் 15 வருடத்துக்குப் பூட்டிக்கொள்ள ஒரு காரணமும் தெரியவில்லை. வீட்டை ஈடாக வைத்து பெர்சனல் கேரண்டி கேட்டால் கையெழுத்துப் போட முதல் தனி சொலிசிட்டரிடம் காட்டுங்கள். "செக்‌ஷன் 25" என்ற தலைப்பில் (லீஸை முடிக்க உரிமையாளர் தரும் நோட்டீஸ்) ஏதாவது கடிதம் வந்தால் மேசை இழுப்பறைக்குள் போடவேண்டாம். அதில் உள்ள தேதிக்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால், அல்லது எழுத்தில் கால நீட்டிப்பு வாங்காவிட்டால், உரிமை போய்விடும்.

இனி, கடையை விற்போம் என்ற உங்கள் கணவரின் யோசனை. விற்பது தப்பான முடிவு என்று சொல்லமாட்டேன். "பரவ முதல்" என்பதுதான் பிரச்சினை. நோட்டீஸ் விளக்குக் கம்பத்தில் தொங்குகிறது. வாங்குபவரின் சொலிசிட்டர் தேடினால் கண்டுபிடிப்பார். அவர் எழுத்தில் கேட்கும்போது "எங்களுக்குத் தெரியாது" என்று பதில் எழுதினால், பின்னால் தவறான கூற்று என்று நட்டஈடு கேட்பார். லீஸை மாற்றிக்கொடுக்கும்போது, வாங்குபவர் வாடகை கட்டாவிட்டால் நீங்கள் கட்டுவீர்கள் என்று கட்டட உரிமையாளர் உத்தரவாதம் வாங்குவதும் வழக்கம். லண்டன்காரர் எட்டு மாதத்தில் கடையைப் பூட்டினால் பில் உங்கள் வீட்டுக்கு வரும். விற்பதானால் எல்லாவற்றையும் சொல்லி, விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விற்கட்டும்.

உங்கள் கணவர் எழுதச் சொன்ன இன்னொன்று: போட்டிக்கு முன்பக்கம் ஒளிரும் பலகையும் இரும்பு ஷட்டரும் போடலாமா? பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அனுமதியில்லாமல் அப்படி மாற்றுவது குற்றவியல் குற்றம். வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளை நன்றாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை ஞாயிறு அன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், அதுவும் காலை 10க்கும் மாலை 6க்கும் இடையில். உங்கள் கடைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பிளானிங் கடிதத்துக்கு, பிளானிங் எய்ட் இங்கிலாந்து என்ற சேவையிடம் இலவச ஆலோசனை கேட்கலாம். லீஸுக்குக் கடை, வணிகக் கட்டடம் பார்க்கும் சொலிசிட்டர் வேண்டும். வீடு வாங்கித் தந்தவர் போதாது. ஏஜன்ட்டுக்கு இன்றைக்கே ஒரு வரி ஈமெயில் போடுங்கள்: "ஆலோசனை எடுத்துக்கொண்டிருக்கிறோம், பிறகு பதில் தருகிறோம்." அப்புறம் மேலே அலுமாரியில் இருக்கும் அந்தப் பழைய லீஸ் உறையைத் திறந்து, ஐந்து பவுண் கொடுத்துக் கையெழுத்திட்ட அந்தப் பிரகடனத் தாள் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.